நிமிடத்துக்கு 19 லட்சம்



குறுவை நடவுக் காலம். விடியற்காலையில் மடை திறக்கக் கிளம்பிய பெரியவர் மண்வெட்டியைத் தோளில் வைக்கப் பார்க்கிறார், வலக்கை ஏறவில்லை. வாய் ஒரு பக்கம் கோணுகிறது. "ஒண்ணுமில்ல, கை மரத்துப்போச்சு" என்று குழறிக்கொண்டே திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறார். வீட்டார் தைலம் தேய்க்கிறார்கள், காபி ஆற்றிக் கொடுக்கிறார்கள். நெஞ்சுவலி என்றால் ஓடுகிற நம் ஜனங்கள் இதற்கு மட்டும் காத்திருப்பதற்குக் காரணம், பக்கவாதம் பெரும்பாலும் வலிப்பதில்லை.

மூளையின் பெரிய ரத்தக் குழாய் ஒன்று அடைபட்டு, அப்படியே விட்டால், சராசரியாக நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்பு செல்கள் சாகின்றன. அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜெஃப்ரி சேவர் 2006-இல் வெளியிட்ட கணக்கு இது. காபி ஆற்றிய அந்தக் கால் மணி நேரத்துக்கே 2 கோடியே 85 லட்சம் போயிற்று. அந்தக் காபியும் ஆபத்து. விழுங்கும் திறன் தவறியிருந்தால் நுரையீரலுக்குள் இறங்கிவிடும்.

ஆனால் எல்லாம் ஒரே நேரத்தில் சாவதில்லை. வாய்க்கால் அடைபட்டாலும் பக்கத்து வாய்க்கால் கசிவில் ஓரத்துப் பயிர் கொஞ்சநாள் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும் அல்லவா? மூளையிலும் அடைப்புக்கு நேரான பகுதி நிமிடங்களில் மடிகிறது. சுற்றியுள்ள பகுதி வேலையை நிறுத்திவிட்டு, அக்கம்பக்கக் குழாய்களின் ரத்தத்தில் தாக்குப்பிடிக்கிறது. சிலருக்குப் பல மணி நேரம், சிலருக்கு மிகக் கொஞ்ச நேரம். மருத்துவர்கள் காப்பாற்றப் போராடுவது அந்தப் பகுதிக்காகத்தான்.

ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் சி.டி. ஸ்கேனில் அடைப்பா, ரத்தக் கசிவா என்று பார்த்தாக வேண்டும். கசிவென்றால் அந்த ஊசி ஆளையே கொல்லும். அதனால்தான் வீட்டிலேயே ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது. வேதாரண்யத்திலிருந்து தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வருவதற்குள்ளேயே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடிவிடும். திண்ணையில் கழிக்க நேரம் ஏது?

"கடைசியா எப்ப நல்லா இருந்தார்?" என்றுதான் மருத்துவர் முதலில் கேட்பார். கணக்கு அங்கிருந்து தொடங்குகிறது. தூங்கி எழும்போதே கை விழுந்திருந்தால், படுக்கப்போன நேரத்தைச் சொல்லுங்கள். நேரம் தாண்டிவிட்டதென்று நீங்களாக முடிவுகட்டாதீர்கள். ஸ்கேனில் உயிருள்ள பகுதி தெரிந்தால் 24 மணி நேரம் வரைகூடச் சிலருக்குக் குழாய் விட்டுக் கட்டியை எடுக்கிறார்கள்.

முகம் கோணினாலோ, கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ மணியைப் பாருங்கள், 108-ஐ அழையுங்கள், பக்கவாதம் மாதிரி இருக்கிறது என்று அப்போதே சொல்லுங்கள். பத்து நிமிடத்தில் தானாகச் சரியாகிவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.