கையெழுத்தில் தோற்றவர்கள்

(இளைஞர் அணிப் பயிலரங்கில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"வழக்கறிஞர்களும் தேர்தல் அரசியலும்" என்ற தலைப்பில் பேசச் சொன்னார்கள். பொதுவாகப் பேசினால் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவீர்கள். ஆகவே ஒரே ஒரு தேர்தலை எடுத்துக்கொள்கிறேன். நாடு அமெரிக்கா, ஊர் சிக்காகோ, ஆண்டு 1996. இல்லினாய் மாநிலச் சட்டமன்ற மேலவையின் 13-ஆவது தொகுதி. அந்தத் தேர்தலில் ஒரு வழக்கறிஞர், பதவியில் இருந்த உறுப்பினரையே களத்தைவிட்டு வெளியேற்றினார். எப்படி? ஒரு ஓட்டுகூட எண்ணப்படவில்லை. கையெழுத்துகளை எண்ணியே வெளியேற்றினார்!

அந்த வழக்கறிஞரின் பெயர் பராக் ஒபாமா. பின்னாளில் அமெரிக்க அதிபரானாரே, அவரேதான். ஆனால் அந்தப் பெருமையைப் பேச நான் வரவில்லை. அவர் அதிபர் ஆவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் நடந்த ஒரு சிறிய தேர்தலில் நமக்குப் பெரிய பாடம் இருக்கிறது. அதில் ஒரு நெருடலும் இருக்கிறது. இரண்டையும் மறைக்காமல் சொல்கிறேன்.

வாக்குத் தவறியது யார்?

சிக்காகோவின் தென்பகுதியில் கறுப்பின மக்கள் பெருவாரியாக வாழ்கிறார்கள். அங்கே ஆலிஸ் பாமர் என்ற அம்மையார் மேலவை உறுப்பினராக இருந்தார். கல்வித் துறையில் உழைத்தவர், மக்களிடம் நல்ல பெயர் எடுத்தவர். 1995-இல் அப்பகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் மெல் ரெனால்ட்ஸ் குற்ற வழக்கில் தண்டிக்கப்பட்டுப் பதவி விலகினார். அந்த இடத்துக்குப் போட்டியிட பாமர் அம்மையார் முடிவு செய்தார். அப்படியானால் அவருடைய மேலவை இடத்துக்கு யார்? 34 வயது வழக்கறிஞர் ஒபாமாவை அவரே ஆதரித்தார். 1995 செப்டம்பரில் ஒபாமா தம் போட்டியை அறிவித்த கூட்டத்தில் அவரும் இருந்தார்.

ஆனால் நவம்பர் 28-ஆம் நாள் நடந்த உட்கட்சித் தேர்தலில் பாமர் அம்மையார் மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டார். வென்றவர் ஜெஸ்ஸி ஜாக்சனின் மகன். தோல்விக்குப் பிறகு அம்மையாரின் ஆதரவாளர்கள் என்ன சொன்னார்கள்? "பழைய இடத்துக்கே திரும்பி வாருங்கள். அந்த இளைஞரை விலகச் சொல்வோம்" என்றார்கள். பெரியவர்கள் தூது போனார்கள். "நீ சின்னப் பையன், உனக்குக் காலம் இருக்கிறது" என்ற தோரணையில் பேசிப் பார்த்தார்கள். இந்தப் பேச்சு நம் ஊர் இளைஞர்களுக்கும் பழக்கமானதுதானே? ஒபாமா விலக மறுத்தார். "வார்த்தை கொடுத்த பிறகுதானே நான் இறங்கினேன்" என்பது அவர் பக்கத்து நியாயம்.

757 கையெழுத்து

இப்போது சட்டத்துக்கு வருவோம். அங்கே உட்கட்சித் தேர்தலின் வாக்குச்சீட்டில் பெயர் வரவேண்டுமானால், அந்தத் தொகுதியில் பதிவு பெற்ற வாக்காளர்கள் கையெழுத்திட்ட மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும். அந்தத் தொகுதிக்குத் தேவைப்பட்ட எண்ணிக்கை 757. ஒபாமா மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளோடு முன்கூட்டியே தாக்கல் செய்தார். பாமர் அம்மையாரின் ஆட்கள் அவசர அவசரமாகத் திரட்டி, கடைசி நாளான டிசம்பர் 18-இல் சுமார் 1,580 கையெழுத்துகளைக் கொடுத்தார்கள்.

வணிகப் பெருமக்களே, உங்களுக்கு இது எளிதில் புரியும். நூறு மூட்டை தேவை என்றால் நூறு மூட்டைக்கா ஆர்டர் கொடுப்பீர்கள்? வழியில் கிழிவது, நனைவது, எடை குறைவது என்று சேதாரம் போட்டுத்தான் சரக்கு எடுப்பீர்கள். தேவையைப் போல நான்கு மடங்கு எடுத்தவர் ஒருவர். இரண்டு மடங்கு போதும் என்று இருந்தவர் இன்னொருவர்.

ஒபாமாவின் ஆட்கள் தேர்தல் வாரிய அலுவலகத்தில் உட்கார்ந்து, எதிரிகளின் மனுக்களை வாக்காளர் பட்டியலோடு ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டார்கள். ஒருவர் தொகுதிக்கு வெளியே குடியிருந்தார். இன்னொருவர் பெயர் பட்டியலிலேயே இல்லை. வேறொருவர் கையொப்பமிடாமல் அச்செழுத்தில் பெயரை எழுதியிருந்தார். அதற்குச் சற்று முன்புதான் பட்டியலைச் சீர்செய்கிறோம் என்று ஆயிரக்கணக்கான பெயர்களை அதிகாரிகள் நீக்கியிருந்தார்கள். தம் பெயர் நீக்கப்பட்டது தெரியாமலேயே கையெழுத்துப் போட்டவர்களும் அதில் உண்டு.

முடிவு? பாமர் அம்மையாரின் கையெழுத்துகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு செல்லாமல் போயிற்று. தேவையான எண்ணிக்கைக்குச் சுமார் 200 குறைந்தது. 1996 ஜனவரியில் அவர் விலகிக்கொண்டார்.

அவர் மட்டுமல்ல. மற்றப் போட்டியாளர்களின் மனுக்களும் இதே உரைகல்லில் உரசப்பட்டன. காயிஸ் அஸ்கியா என்று ஒருவர். பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருகிறீர்கள்! அவர் 1,899 கையெழுத்துகள் கொடுத்திருந்தார். எத்தனை குறைந்தது தெரியுமா? வெறும் 69. மார்க் யூவல் என்பவர் 1,286 கொடுத்தார். அவருக்கு 86 குறைந்தது. இப்படியே எல்லாரும் உதிர்ந்தார்கள். மார்ச் மாத உட்கட்சித் தேர்தலில் ஒபாமாவுக்கு எதிராக ஒரு பெயரும் இல்லை. அது ஜனநாயகக் கட்சியின் கோட்டை. நவம்பரில் 82 விழுக்காடு வாக்குகளோடு மேலவைக்குள் நுழைந்தார்.

இது நியாயமா?

சகோதரர்களே, இங்கேதான் அந்த நெருடல். இதே ஒபாமா 1992-இல் இல்லினாயில் வாக்காளர் பதிவு இயக்கத்தை முன்னின்று நடத்தினார். சுமார் ஒன்றரை லட்சம் பேரைப் பட்டியலில் சேர்த்த இயக்கம் அது. ஏழை எளிய மக்களின் பெயரைப் பட்டியலில் ஏற்றியவர், நான்கு ஆண்டுகளுக்குள் அதே மக்களின் கையெழுத்தை அடித்துத் தம் வெற்றியைத் தேடினார். 'மக்களுக்குத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே கொடுக்காமல் செய்துவிட்டாரே' என்று அஸ்கியா பின்னர் ஆதங்கப்பட்டார். அந்த ஆதங்கத்தை நான் தள்ளிவிட மாட்டேன்.

ஒபாமா தரப்பின் பதில் என்ன? விதி எல்லாருக்கும் பொது. ஒழுங்காகச் சில நூறு கையெழுத்தைத் திரட்ட முடியாதவர், தொகுதியின் காரியங்களை எப்படி ஒழுங்காகப் பார்ப்பார்? இதையும் தள்ளிவிட முடியவில்லை.

என் கருத்தைக் கேட்டால், சட்டப்படி அவர் செய்தது சரி. ஆனால் சட்டப்படி சரியானதெல்லாம் மனத்தை வெல்லாது. பாமர் அம்மையார் மனத்தில் அந்த வடு ஆறவில்லை. 2008-இல் நாடே ஒபாமாவைக் கொண்டாடியபோது, அவர் ஹிலாரி கிளிண்டனுக்கு ஆதரவாக நின்றார். ஒரே சமுதாயத்துக்குள் கிடைக்கும் வெற்றிக்கு இப்படியும் ஒரு விலை உண்டு.

இன்னொன்றையும் கேளுங்கள். 2000-ஆம் ஆண்டில் அதே ஒபாமா, பதவியில் இருந்த நாடாளுமன்ற உறுப்பினர் பாபி ரஷ்ஷை எதிர்த்து நின்றார். இம்முறை மனுவில் ஓட்டை இல்லை. நேருக்கு நேர் மக்களிடம் போக வேண்டியிருந்தது. ரஷ்ஷுக்கு 61 விழுக்காடு, ஒபாமாவுக்குச் சுமார் 30 விழுக்காடு! பல ஆண்டுகளாக மக்களின் நல்லது கெட்டதுகளில் கூட நின்றவரைச் சட்டப் புத்தகத்தைக் காட்டி வீழ்த்த முடியவில்லை. அந்தத் தோல்வியில் பாடம் படித்த பிறகுதான் 2004-இல் நாட்டின் செனட்டுக்கு அவர் தேர்வானார்.

நமக்கு என்ன?

நம் நாட்டில் நூற்றுக்கணக்கான கையெழுத்து தேவையில்லை. அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்குத் தொகுதி வாக்காளர் ஒருவர் முன்மொழிந்தால் போதும். சுயேச்சைக்கும், அங்கீகாரம் பெறாத கட்சியின் வேட்பாளருக்கும் பத்துப் பேர் வேண்டும். முக்கியமல்லாத சிறு குறைக்காக வேட்புமனுவைத் தள்ளக்கூடாது என்று 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 36-ஆவது பிரிவில் சொல்கிறது. ஒரே வேட்பாளர் நான்கு மனுக்கள் வரை கொடுக்கலாம் என்று சேதாரத்துக்கும் சட்டமே இடம் வைத்திருக்கிறது.

ஆனாலும் என்ன நடக்கிறது? உள்ளாட்சித் தேர்தலுக்கு நின்ற ஒரு தம்பி என்னிடம் அழாக்குறையாக வந்தார். மனு தள்ளுபடி ஆகிவிட்டது. முன்மொழிந்தவர் அவருடைய சொந்த மாமா, அதே தெருக்காரர். ஆனால் மாமா புது வீட்டுக்குக் குடிபோனபோது அவர் பெயர் பக்கத்து வார்டுப் பட்டியலுக்குப் போய்விட்டது. ஒருவரும் பார்க்கவில்லை. சுவரொட்டி அடித்த பணம் போயிற்று, ஐந்து ஆண்டு போயிற்று. மனு கொடுப்பதற்கு முதல்நாள் பட்டியலைப் பிரித்துப் பார்த்திருந்தால் அரை மணி நேர வேலை. "சூழ்ச்சி செய்துவிட்டார்கள்" என்று அவர் எதிரியைச் சொன்னார். நான் சொன்னேன்: "தம்பி, கதவைத் திறந்து வைத்தது நாம்தான்."

ஆகவே இளைஞர்களே, மூன்று வேலைகளைக் கேட்கிறேன்.

ஒன்று: ஒவ்வொரு தெருவுக்கும் இருவர் பொறுப்பெடுங்கள். வாக்காளர் பட்டியலை வைத்து வீடு வீடாகச் சரிபாருங்கள். புதிதாகச் சேர்க்கப் படிவம் 6. திருத்தத்துக்கும் குடிபெயர்ந்தோருக்கும் படிவம் 8. பெயரை நீக்கச் சொல்வது படிவம் 7. அதை யார் யார் பெயரில் கொடுத்திருக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். 18 வயதுக்கான தகுதி நாள் முன்பு ஆண்டுக்கு ஒன்றாக இருந்தது. இப்போது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகள் என நான்கு நாள்கள்.

இரண்டு: வணிகப் பெருமக்களே, பிழைப்புக்காக வெளியூரில் கடை வைத்திருக்கிறீர்கள். பெயர் சொந்த ஊரில், ஆள் வெளியூரில், ஓட்டு எங்கும் இல்லை! எங்கே குடியிருக்கிறீர்களோ அங்கே ஒரே இடத்தில் பெயர் இருக்கட்டும். கடையிலும் கிட்டங்கியிலும் வேலை செய்யும் பிள்ளைகள் எந்தச் சமயத்தவராக இருந்தாலும் அவர்கள் பெயரையும் பாருங்கள். அதற்கு அரைநாள் விடுப்புக் கொடுங்கள். கல்லாவுக்கு அது நட்டமில்லை.

மூன்று: சட்டம் படியுங்கள். ஊருக்கு ஒரு வழக்கறிஞராவது நம் பிள்ளைகளில் இருந்து வரட்டும். அடுத்தவர் மனுவில் ஓட்டை தேடும் வேலை பிறகு இருக்கட்டும். நம் மனுவில் ஓட்டை இல்லாமல் பார்க்கவே முதலில் ஆள் வேண்டும்.

அஸ்கியாவுக்குக் குறைந்தது 69 கையெழுத்து. ஒரு தெருவில் ஒரு மாலை நேரம் நடந்திருந்தால் கிடைத்திருக்கும். அந்த ஒரு மாலை நேரத்தைத்தான் உங்களிடம் கேட்கிறேன். இந்தக் கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போனதும், "நம் வீட்டில் எத்தனை பெயர் பட்டியலில் இருக்கிறது?" என்று உம்மாவிடமும் வாப்பாவிடமும் கேளுங்கள். அங்கிருந்து தொடங்குங்கள்.