'மண்டையில ஏறல' என்கிற தீர்ப்பு

(முகத்துவாரக்குப்பத்தில் மாலைநேரப் பாடசாலை மாணவர்கள், பெற்றோர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, தம்பி தங்கைகளே, வேலை முடித்த கையோடு வந்து உட்கார்ந்திருக்கிற அம்மாமார்களே,

எனக்கு வங்கியில் எழுத்தர் வேலை. உதவித்தொகைக்காகப் பள்ளிப் பிள்ளைகள் கணக்குத் தொடங்க வருவாங்க. போன வருஷம் ஒரு அப்பா வந்தார், துறைமுகத்துல சுமை தூக்கறவர். பையன் பக்கத்துல நிக்கிறான். எத்தனாவது படிக்கிறான்னு கேட்டேன். "ஒன்பதாவது சார், ஆனா மண்டையில ஏறல" என்றார். நான் கேட்டது வகுப்பை மட்டும்தான். மீதியை அவருக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? பெற்ற பிள்ளையைப் பற்றி எந்தத் தகப்பனும் தானாக அப்படி யோசிக்கிறதில்லை. அது பள்ளிக்கூடம் எழுதிய தீர்ப்பு. அவர் அதை வாங்கி வாசிக்கிறார், அவ்வளவுதான்.

அந்தப் பணம் கணக்கில் ஏறுவதற்கு முன்னால் வகுப்பறையில் ஒன்று நடக்கும். "எஸ்.சி. பசங்கள்லாம் எழுந்து நில்லுங்க." இங்கே இருக்கிற பலபேர் அப்படி நின்றவர்கள். வகுப்பே திரும்பிப் பார்க்கும். உதவித்தொகையின் முதல் தவணை அந்தப் பார்வைதான். அதற்குப் பிறகு அதே பையனிடம் கணக்குத் தாளைக் கொடுத்து, மூளையை அளக்கிறேன் என்கிறார்கள்.

இப்படிக் கூப்பிட்டு நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். உத்தரப்பிரதேச கிராமங்களில் 6, 7-ஆம் வகுப்புப் பையன்களை வைத்துச் செய்த ஆய்வு. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற உலக வங்கி ஆய்வாளர்கள் 2004-ல் வெளியிட்டார்கள். (உலக வங்கிமேல் எனக்கு ஒரு காதலும் கிடையாது. ஆனாலும் கணக்கு கணக்குதான்.) ஆதிக்கச் சாதிப் பையன்கள் 321 பேர், ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்கள் 321 பேர். காகிதத்தில் வளைந்து வளைந்து போகிற பாதையில் வழி கண்டுபிடிக்கிற புதிர். தீர்த்ததற்குக் காசு. யார் என்ன சாதி என்று சொல்லாமல் உட்கார வைத்தபோது இரண்டு தரப்பும் ஒரே அளவுக்குத் தீர்த்தார்கள், வித்தியாசமே இல்லை. அடுத்து, ஒவ்வொருவன் பேரையும் அப்பன் பேரையும் சாதியையும் எல்லார் முன்னாலும் உரக்கப் படித்துவிட்டு அதே மாதிரிப் புதிரைக் கொடுத்தார்கள். ஒடுக்கப்பட்ட பிள்ளைகள் தீர்த்த எண்ணிக்கை சரிந்துவிட்டது.

மூளை மாறிவிட்டதா? அதே மாதிரிப் பிள்ளைகள், அதே மாதிரிப் புதிர். இடையில் விழுந்தது ஒரு குரல். ஆக, அந்த எண் பிள்ளையின் புத்தியை மட்டும் சொல்லவில்லை. பிள்ளையின் தலையில் ஏற்றிய பாரத்தையும் சேர்த்தே சொல்கிறது.

இந்தப் பாரத்தைப் 'பிறவிப் புத்தி' என்று படிப்பது நம்ம ஊர்ப் பார்ப்பனியத்துக்கு மட்டும் சொந்தமில்லை. 1905-ல் பாரிஸில் ஆல்பிரட் பினே முதல் அறிவுச் சோதனையை உருவாக்கியது, கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டுபிடிக்கத்தான். அறிவு மாறாத அளவு என்று சொல்வோரை 1909-ல் அவரே கண்டித்தார். அமெரிக்காவில் அதைத் தலைகீழாகத் திருப்பினார்கள். முதல் உலகப் போரில் 17 லட்சத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்களைச் சோதித்தார்கள். அமெரிக்கக் கடைச் சரக்கின் பேர் தெரியாதவனெல்லாம் அதில் புத்தி குறைந்தவன். அந்த எண்களை வைத்து கார்ல் பிரிகாம் 1923-ல் இனங்களை மேல் கீழாக அடுக்கிப் புத்தகம் போட்டார். 1930-ல் அந்த முடிவுகள் நிற்காது என்று அவரே எழுதினார். இடையில் 1926-ல் அவர் உருவாக்கிய கல்லூரி நுழைவுத்தேர்வு மட்டும் இன்றைக்கும் நடக்கிறது!

எண்ணூரில் பேசிவிட்டுக் காற்றைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. சென்னைப் பள்ளிகளில் 3 முதல் 7 வயதுவரையுள்ள 756 குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்த ஆய்வு 2009-ல் வந்தது. டெசிலிட்டருக்குச் சராசரி 11.4 மைக்ரோகிராம் ஈயம். அமெரிக்காவில் இன்று 3.5 இருந்தாலே கவனிக்கச் சொல்கிறார்கள். ஈயம் கூடுதலாக இருந்த குழந்தைகளுக்குத்தான் கவனச்சிதறல் கூடுதல் என்று ஆசிரியர்கள் மதிப்பிட்டிருந்தார்கள். ரத்தத்தில் ஈயத்தை ஏற்றியவன் எவனோ, 'மக்கு' என்ற பட்டம் மட்டும் குழந்தைக்கு.

சரி, நம்ம பிள்ளைகளுக்கு வேற அறிவு இருக்கேன்னு சில நல்லவர்கள் சொல்வார்கள். இருக்கத்தான் செய்யுது. கழிமுகத்துல தண்ணிக்குள்ள கையால தடவியே இறால் பிடிக்கிற பிள்ளைக்கு, வாடைக்கும் கச்சானுக்கும் தண்ணி எப்படி மாறும்னு தெரியும். எந்தத் தேர்விலும் அதற்கு மார்க் இல்லை. ஆனா தோழர்களே, இந்தப் புகழ்ச்சியில் எனக்குச் சந்தேகம் உண்டு. 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த குலக்கல்வியும் தொழிலைப் புகழ்ந்துதான் வந்தது. கிராமத்துப் பிள்ளைக்கு மூன்று மணிநேரம் பள்ளி, மிச்ச நேரம் அப்பன் தொழில். எதிர்ப்பு வெடித்தது, ராஜாஜி விலகினார், 1954-ல் காமராசர் ஆட்சி அதைக் கைவிட்டது. 2023-ல் ஒன்றிய அரசு அறிவித்த விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் படகு செய்வதும் மீன்வலை பின்னுவதும் இருக்கிறது. வலை பின்னத் தெரிந்த பிள்ளை கப்பல் பொறியியலும் படிக்கட்டும். வலையைக் காட்டிக் கப்பலை மறைக்காதே என்கிறோம்.

அரசாங்கத் தாளில் எஸ்.சி., எம்.பி.சி. என்று நாம் தனித்தனிக் கட்டம். சில வாத்தியார்கள் வாயில் 'சேரிப் பசங்க, குப்பத்துப் பசங்க' எல்லாம் ஒரே கட்டம்தான். அதனால இதை இரண்டு பேரும் சேர்ந்துதான் கேட்கணும்.

கேட்பதற்குக் கையில் தாளும் இருக்கிறது. நாங்குநேரியில் 2023-ல் தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டியதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வருகைப் பதிவேட்டில் சாதி இருக்கக் கூடாது, வகுப்பில் சாதி சொல்லிக் கூப்பிடக் கூடாது, உதவித்தொகை விவரத்தைத் தலைமையாசிரியர் தன் அறையில் தனியே சொல்ல வேண்டும் என்று அதில் இருக்கிறது.

பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை. அக்கா, அடுத்த கூட்டத்துக்கு இட்லிக் கடையைக் கொஞ்ச நேரம் மூடிட்டுப் போங்க. இந்த மூன்றையும் தீர்மானமாகப் போட்டு, நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்க. எழுதித் தர ஆள் வேணும்னா, சனிக்கிழமை சாயந்திரம் நான் இங்கதான் இருப்பேன்.