பொதுப் பணம், தனிச் சொகுசு, தெருவில் தொழிலாளி
(டாலிகஞ்சில் கட்சி உறுப்பினர்களிடையே ஆற்றிய உரையின் சுருக்கம்)



இத்தீவுகளின் மாநிலக் கூட்டுறவு வங்கிக் கடன் முறைகேட்டுப் புகார் தொடர்பாக 2025இல் அமலாக்கத் துறை இங்கே சோதனை நடத்தியதை நீங்கள் அறிவீர்கள். மக்கள் பணம் எங்கே போயிற்று என்ற அதே கேள்வி, அவ்வாண்டு டெல்லியில் ஒரு ‘ஸ்டார்ட்அப்’ நிறுவனத்தைச் சுற்றியும் எழுந்தது.

புளூஸ்மார்ட், மின்சார வாடகைக் கார் நிறுவனம். அதற்குக் கார்களைக் குத்தகைக்குத் தந்தது ஜென்சால் இன்ஜினியரிங். இரண்டையும் தொடங்கியவர்களில் ஜக்கி சகோதரர்கள் இருந்தனர். 6,400 கார்கள் வாங்க ஜென்சால் பெற்ற கடன் 663.89 கோடி ரூபாய். கொடுத்தவை ‘இரெடா’, பவர் ஃபைனான்ஸ் கார்ப்பரேஷன் என்ற இரு பொதுத்துறை நிறுவனங்கள்.

2025 ஏப்ரல் 15 அன்று செபி பிறப்பித்த இடைக்கால உத்தரவு என்ன கூறுகிறது? வாங்கப்பட்டவை 4,704 கார்களே, செலவு 567.73 கோடி. நிறுவனம் தன் பங்காகப் போட வேண்டிய தொகையையும் சேர்த்தால், 262.13 கோடிக்குக் கணக்கில்லை. குருகிராமில் ஆடம்பர அடுக்குமாடி வீட்டிற்கும், 26 லட்சத்தில் கோல்ஃப் மட்டைகளுக்கும் பணம் திருப்பிவிடப்பட்டுள்ளது. கடன் தவணை ஒழுங்காகச் செலுத்தப்படுவதாகக் காட்டிய கடிதங்களும் போலியானவை என்கிறது அந்த உத்தரவு.

உத்தரவு வந்த சில நாட்களிலேயே புளூஸ்மார்ட் கார்கள் நின்றன. ஆயிரக்கணக்கான ஓட்டுநர்கள் முன்னறிவிப்பின்றி வேலை இழந்தனர். அவர்களுக்கு நிறுவனம் சூட்டிய பெயர் ‘கூட்டாளி’. லாபத்திலோ நிர்வாகத்திலோ பங்கில்லாத இந்தக் கூட்டாளிக்கு, நட்டத்தில் மட்டும் முழுப் பங்கு கிடைத்தது!

இதை இரண்டு தனிமனிதர்களின் பேராசை என்று முடித்துவிடக் கூடாது. 2016 ஜனவரியில் ‘ஸ்டார்ட்அப் இந்தியா’ முழக்கத்தைத் தொடங்கிய ஒன்றிய அரசு, முதலாளிகளுக்குக் கதவுகளை அகலத் திறந்தது. தொழிலாளிக்கோ, 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு ‘கிக்’ தொழிலாளர் என்ற சொல்லைச் சேர்த்தபோதும், வழக்கமான முதலாளி–தொழிலாளி உறவுக்கு வெளியே உள்ளவர் என்றே வரையறுத்தது. உறவே இல்லையென்றால் பணிநீக்க இழப்பீட்டை யாரிடம் கேட்பது?

இங்கும் விமான நிலையத்திற்கும் படகுத்துறைக்கும் கார் ஓட்டும் தோழர்கள் இருக்கிறார்கள். அவர்களைச் சந்தித்து இந்தக் கணக்கை எடுத்துச் சொல்லுங்கள். நமது கோரிக்கைகள் தெளிவானவை: பொதுத்துறைக் கடன் எதற்குச் செலவாகிறது என்று பணம் போகும்போதே தணிக்கை செய்ய வேண்டும், மோசடி செய்தோரின் சொத்துகளிலிருந்து தொழிலாளரின் பாக்கியை முதலில் தர வேண்டும், செயலி வழி உழைப்போரைத் தொழிலாளர் என்று சட்டம் ஏற்க வேண்டும்.

கூட்டாளி என்றால் கணக்கைக் காட்டு. தொழிலாளி என்றால் உரிமையைக் கொடு! இந்தக் குரல் இத்தீவுகளிலும் ஒலிக்கட்டும்.