எண்ணப்படுவோரும் எண்ணுவோரும்

(பொன்விழாக் கூட்டத்தில் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய உரை)



சங்கத்தின் பெரியவர்களே, தாய்மார்களே, கோலா தெர்லாவிலிருந்தும் சுற்றுத் தோட்டங்களிலிருந்தும் வந்திருக்கும் தம்பி தங்கைகளே! பட்டம் முடித்த பிள்ளை அடுத்து என்ன படிக்கலாம் என்று பெற்றோர் பலர் கேட்கிறீர்கள். முதுகலையில் 'சமூகத் தரவுப் பகுப்பாய்வு' என்றொரு படிப்பு இருக்கிறது. பெயர் புதிது, வேலை பழையது.

இஸ்லாத்தை ஏற்றவர்களின் பெயர்களை எழுதித் தருமாறு நபி (ஸல்) அவர்கள் கேட்டதையும், 1,500 ஆண்களின் பெயர்கள் எழுதப்பட்டதையும் ஹுதைஃபா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் அல்கிந்தி, எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணியே ரகசிய எழுத்தைப் படிக்கும் வழியை எழுதிவைத்தார். எண்ணிப் பார்த்து அறிவது நமக்கு அந்நியமான கல்வி அல்ல.

நம் மலையிலும் எண்ணிக்கை என்றும் இருந்தது. தோட்டத்துக் கிராணி பிரட்டில் பெயர் கூப்பிட்டார், கொழுந்தை நிறுத்துக் கணக்கு எழுதினார். கடை வைத்திருந்த நம்மவர்கள் 555 நோட்டில் பற்று எழுதினார்கள். ஒரு வீட்டின் பற்று மாதாமாதம் ஏறினால், அந்த வீட்டில் ஏதோ சரியில்லை என்று கடைக்காரருக்குத்தான் முதலில் தெரியும். அந்த நோட்டில் இருந்ததும் சமூகத் தரவுதான். அதை ஆயிரம் வீடுகளுக்கு, இலட்சம் வீடுகளுக்கு முறையாகச் செய்வதையே இந்தப் படிப்பு கற்றுத் தருகிறது.

மூன்று காரியங்களை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, எண்ணைப் படிப்பது. ஒரு லயத்தில் பத்து வீடுகள். ஒன்பது வீடுகளில் வருமானம் 2,000 ரிங்கிட், ஒரு வீட்டில் 20,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 3,800 வரும். ஆனால் ஒன்பது வீடுகளில் அந்தப் பணம் இல்லை! 2022இல் மலேசியக் குடும்பங்களின் சராசரி மாத வருமானம் 8,479 ரிங்கிட் என்று புள்ளிவிவரத் துறை சொன்னது. வரிசையில் நிறுத்தி நடுவில் இருக்கும் குடும்பத்தைப் பார்த்தால் 6,338தான். எந்த எண்ணைக் காட்டி உதவி கேட்கிறோம், எந்த எண்ணைக் காட்டி உதவி மறுக்கிறார்கள் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, கட்டத்தைப் பார்ப்பது. 1871இல் நீரிணைக் குடியேற்றங்களில் எடுத்த குடிக்கணக்கில் 'ஜாவி பெக்கான்' என்று தனிப்பெயர் இருந்தது. பின்னாளில் அந்தப் பெயர் கணக்கிலிருந்து போய்விட்டது. அந்தக் குடும்பங்கள் எங்கும் போய்விடவில்லை. 2010 கணக்கெடுப்பின்படி மலேசிய இந்தியர்களில் முஸ்லிம்கள் ஏறத்தாழ 4 விழுக்காடு. ஆனால் நம்மில் மலாய்க்காரர் என்று பதிந்துகொண்டவர்கள் அந்த 4 விழுக்காட்டுக்குள் வரமாட்டார்கள். இந்தியர் சராசரியிலும் நம் பிள்ளைகள் கரைந்துபோகிறார்கள், முஸ்லிம்கள் சராசரியிலும் கரைந்துபோகிறார்கள். "உங்கள் பிள்ளைகளில் எத்தனை பேர் படிவம் ஐந்தோடு நின்றார்கள்?" என்று ஓர் அதிகாரி கேட்டால், காட்ட நம் கையில் ஒரு தாள் இருக்கிறதா?

மூன்றாவது, யார் பதில் சொல்லவில்லை என்று கேட்பது. வாட்சப்பில் ஒரு கேள்வித்தாள் அனுப்பினால் கல்லூரிப் பிள்ளைகள் உடனே நிரப்புவார்கள். லயத்தில் தனியாக இருக்கும் பாட்டியும், காய்கறித் தோட்டத்தில் கூலி செய்யும் வங்காளதேசத்துச் சகோதரரும் அதில் வரமாட்டார்கள். அதிகம் கஷ்டப்படுபவரே கணக்கில் விடுபட்டுப் போவார். அவர் வாசலுக்கு நடந்து போவதும் இந்தப் படிப்பின் ஒரு பாகம்.

யார் படிக்கலாம்? கணினி படித்தவர் மட்டும் என்று நினைக்காதீர்கள். சமூகவியல், பொருளியல், அரசியல் படித்தவர்களும் வருகிறார்கள். கணக்கைக் கண்டு ஓடாமல் இருந்தால் போதும். டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் இதே பெயரிலும், லண்டன் பொருளியல் கல்லூரியில் சற்றே மாறிய பெயரிலும் இந்த முதுகலை உண்டு. உள்நாட்டில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் தரவு அறிவியல் முதுகலை இதற்கு நெருங்கியது. சேர்வதற்கு முன் காசு செலவில்லாமல் முயன்று பார்க்கலாம்: ஆர், பைத்தான் என்ற இரண்டு மென்பொருள்களும் இலவசம், புள்ளிவிவரத் துறையின் ஓப்பன்டோசம் தளத்தில் தரவுகளும் இலவசம். மூன்று மாதம் உட்கார்ந்து பார்த்து, பிடித்தால் மட்டும் கட்டணம் கட்டுங்கள்.

தரவு என்பது அமானிதம் என்பதையும் மறக்கக் கூடாது. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகத்துக்கு எல்லை வகுக்கிறது. நமக்கு அதற்கும் மேலே ஒரு கேள்விநாள் இருக்கிறது. சின்ன ஊரில் பெயரை எடுத்துவிட்டால் மட்டும் போதாது. 'நாற்பது வயது, கைம்பெண், தையல் வேலை, மூன்று பிள்ளைகள்' என்று எழுதினாலே யார் வீடு என்று கோலா தெர்லாவுக்கே தெரிந்துவிடும். எதை எழுதாமல் விடுவது என்பதையும் பிள்ளைகள் கற்க வேண்டும்.

நிர்வாகத்தாருக்கு ஒரு வேண்டுகோள். சங்கத்துக்கு ஐம்பது வயது. சந்தாப் புத்தகங்கள், நிக்காஹ் பதிவுகள், ஜனாஸா உதவிக் கணக்குகள் எந்த அலமாரியில் இருந்தாலும் கரையான் அரிக்கும் முன் படமெடுத்து வையுங்கள். குடும்பங்களின் சம்மதத்தோடு, இந்தப் படிப்பு படிக்கும் நம் பிள்ளை ஒருவரிடம் ஆய்வுக்குக் கொடுங்கள். எந்த ஆண்டுகளில் எத்தனை குடும்பங்கள் மலையிறங்கின, எத்தனை பெண்பிள்ளைகள் பல்கலைக்கழகம் போனார்கள் என்று அவர் எழுதட்டும். அடுத்த முறை உதவி கேட்டு எழுதும் கடிதத்தோடு அந்தத் தாளையும் இணைக்கலாம்.

நம் பாட்டன்மார் பிறர் எழுதிய கணக்கில் ஒரு வரியாக இருந்தார்கள். பிள்ளைகள் கேள்வியை எழுதும் இடத்தில் உட்காரட்டும். அல்லாஹ் அவர்கள் கல்வியில் பரக்கத் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.