இருப்பும் இழப்பும்



உணவுப் பற்றாக்குறையைப் பற்றிப் பேசுவோர் பலர். அதனால் விளையும் துன்பங்களை நம் மலையக மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டிய தேவையும் இல்லை. இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது அதற்கு நேர்மாறானதுபோலத் தோன்றும் ஒரு பொருள். வீட்டிலே உணவுப் பொருள் தேவைக்கு மேல் நிறைந்துவிட்டால் அதனை எவ்வாறு ஆளுவது என்பதே அது. “இருந்தால் உண்ணப் போகிறோம், இதற்கும் ஒரு பேச்சா?” என்று சிலர் நகைக்கக்கூடும். நானும் ஒரு காலத்தில் அவ்வாறுதான் எண்ணியிருந்தேன். என் வீட்டுச் சிற்றறை ஒன்று அந்த எண்ணத்தைத் திருத்தியது. பிறருக்குப் பாடம் சொல்வதையே தொழிலாகக் கொண்ட நான், அந்த அறையின் வாசலிலே மாணாக்கனாக நிற்க நேர்ந்தது.

நான் வாழ்வது வட்டகொடையில். தலவாக்கலையைக் கடந்து நானுஓயாவை நோக்கி ஏறும் புகையிரதம் நின்று செல்லும் ஊர் அது. நாலாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரம். சுற்றிலும் தேயிலை மலைகள். ஆண்டிலே பல மாதங்கள் மழையும் மூடுபனியுமே எங்கள் விருந்தினர். காலையில் கொடியில் இட்ட துணி மாலையிலும் ஈரமாகவே இருக்கும். இந்த ஈரத்தை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். என் கதையில் வரும் கள்வர்களுள் முதல்வன் அவனே.

2022ஆம் ஆண்டை எவரும் மறந்திருக்க முடியாது. அவ்வாண்டு ஏப்ரலில் இலங்கை தன் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்தியது. எரிபொருளுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. செப்டம்பர் மாதத்திலே, கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, உணவுப் பொருள்களின் விலை முந்தைய ஆண்டைவிட 94.9 வீதம் ஏறியிருந்தது. ஒரு ரூபாய்க்கு வாங்கியதை ஏறத்தாழ இரண்டு ரூபாய்க்கு வாங்கினோம் என்று கொள்ளலாம். சம்பளமோ முன்பு இருந்த இடத்திலேயே இருந்தது.

அந்தக் காலத்தில் என்னைப் பிடித்துக்கொண்டது பசியன்று. பசி வந்துவிடுமோ என்ற அச்சம். மூன்று பேர் கொண்ட குடும்பம் எங்களுடையது. மாதம் ஒன்றுக்கு 25 கிலோ அரிசி மூடை ஒன்றுகூட முழுதாகச் செலவாகாது. அப்படியிருக்க, கையிருப்பும் போதாமல் கடனும் வாங்கி, ஐந்து மூடை அரிசி வாங்கினேன். மைசூர்ப் பருப்பு, கோதுமை மா, சீனி, நிலக்கடலை, செத்தல் மிளகாய், டின் மீன் என்று கண்டதையெல்லாம் வாங்கிச் சிற்றறையிலே அடுக்கினேன். இடம் போதாமையால் மூடைகளைச் சீமெந்துத் தரையிலே சுவரோடு சுவராகச் சாய்த்து வைத்தோம். கதவைச் சாத்திப் பூட்டிய அன்று இரவு, பல நாள்களுக்குப் பிறகு நிம்மதியாக உறங்கினேன்.

2023 தைப்பொங்கலுக்கு வீடு துப்புரவு செய்கையில்தான் அந்த அறையை முற்றாகத் திறந்தோம். இடைப்பட்ட மாதங்களில் முன்னே இருந்த பொருளை மட்டும் எடுத்துப் புழங்கினோம். புதிதாக ஏதாவது வாங்கினால் அதையும் முன்னேயே வைத்தோம். பின்னே இருந்தவை எங்கள் நினைவிலேயே இல்லை. சுவரோரம் கிடந்த மூடையின் அடிப்பக்கம் கறுத்து, கட்டியாகி, பூஞ்சணம் பூத்துக் கிடந்தது. மற்றொரு மூடையிலே அரிசியைவிட வண்டு மிகுதியோ என்று ஐயுறும்படி இருந்தது. மா, பைக்குள் பாறையாயிருந்தது. கடலையும் மிளகாயும் பச்சை படர்ந்திருந்தன.

இழப்பு அத்துடன் முடிந்திருந்தால் நான் இந்த ஒலிவாங்கியின் முன் வந்திருக்கமாட்டேன். அதற்குச் சில நாள்களுக்கு முன், எங்கள் பாடசாலையிலே, காலை வணக்கக் கூட்டத்தில் ஒரு சிறுமி மயங்கி விழுந்தாள். முகத்திலே நீர் தெளித்து, உட்கார்த்தி, “காலையில் என்னம்மா சாப்பிட்டாய்?” என்று கேட்டேன். “வெறுந்தேத்தண்ணி குடிச்சேன், சேர்” என்றாள். முந்தைய இரவைப் பற்றிக் கேட்டேன். அவள் விடை கூறவில்லை. அந்தப் பிள்ளை மயங்கி விழுந்த அன்றும் என் வீட்டுச் சுவரோரம் அரிசி அழுகிக்கொண்டிருந்தது.

நான் கணக்குப் பார்த்தேன். ஒரு பிள்ளையின் மதிய உணவுக்கு 100 கிராம் அரிசி என்று கொண்டாலும், 25 கிலோ மூடை ஒன்று 250 பிள்ளைகளுக்கு ஒரு வேளைச் சோறு. அதனைக் குழி வெட்டிப் புதைத்தேன். புதைத்த பின்னரும் அந்த அரிசிக்கு வாங்கிய கடனை மாதந்தோறும் கட்டிவந்தேன்.

நேயர்களே, இந்தப் பிழையைச் செய்தவன் நான் ஒருவன் மட்டுமல்லன். ஐக்கிய நாடுகள் சபையின் சுற்றாடல் அமைப்பு 2024இல் வெளியிட்ட அறிக்கை ஒன்று, 2022ஆம் ஆண்டிலே உலகத்தில் 105 கோடி தொன் உணவு வீணாயிற்று என்று கூறுகிறது. அதில் 60 வீதம் வீணானது கடைகளிலுமன்று, உணவுச்சாலைகளிலுமன்று, வீடுகளிலேதான். நம் நாடு வரிசையில் நின்ற அதே ஆண்டின் கணக்கு இது.

இனி, என் தாயாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோட்டத்து லயக் காம்பராவிலே எங்களை வளர்த்தவர் அவர். 1973, 1974ஆம் ஆண்டுகளில் தோட்டங்களைப் பிடித்த பஞ்சம் வந்தபோது நான் கைக்குழந்தை. நிலமும் இல்லாமல், வாங்குவதற்கு அரிசியும் கிடைக்காமல் நம்மவர் பட்ட பாட்டை அவர் வாய் வழியே கேட்டிருக்கிறேன். மரவள்ளிக் கிழங்கையும் கீரையையும் அவித்து உண்டு நாள் கழித்த கதையை, என்றைக்கும் ஒரே குரலில், அழாமல் சொல்வார். பஞ்சத்தைக் கண்ணால் கண்ட அந்த அம்மையாருக்கு, அதைக் கதையாகக் கேட்ட என்னைவிட அச்சம் மிகுதியாக இருந்திருக்க வேண்டும் அல்லவா? ஆயினும் அவர் அறை நிறைய அடுக்கியதில்லை.

அவரிடம் இரண்டு தகரங்கள் இருந்தன. ஒன்று நடப்புத் தகரம்; மற்றொன்று இருப்புத் தகரம். உலை வைப்பதற்கு நடப்புத் தகரத்திலிருந்தே அரிசி அளப்பார். சம்பள நாளிலே புது அரிசி வந்தால் அதனை நடப்புத் தகரத்தில் ஒருபோதும் கொட்டமாட்டார். இருப்புத் தகரத்துப் பழைய அரிசியை நடப்புக்கு மாற்றி, காலியான இருப்புத் தகரத்தைத் துடைத்து, அடுப்பருகே காயவைத்து, அதன் பின்னரே புது அரிசியை அதில் இடுவார். பழையது முன்னே, புதியது பின்னே. எழுதப் படிக்க அறியாத அவர் இதற்கு விதியென்று பெயர் சூட்டவில்லை. இன்று பெரும் பண்டசாலைகள் கணினி வைத்துக் காக்கும் ஒழுங்கும் இதுவேதான்.

இன்னொன்றும் செய்வார். அண்டை வீட்டில் அரிசி தீர்ந்துவிட்டால் கைமாற்றாகக் கொடுப்பார். அவர்கள் சம்பளநாளிலே அளந்து திருப்பிக் கொடுப்பார்கள். சிறுவனாக இருந்தபோது அதனை இரக்கம் என்று மட்டுமே எண்ணினேன். இப்போது அதன் நுட்பம் விளங்குகிறது. போனது பழைய அரிசி; திரும்பி வந்தது புது அரிசி. அண்டை வீட்டார் பசியும் தீர்ந்தது. எங்கள் இருப்பும் செலவின்றிப் புதுப்பிக்கப்பட்டது. பூட்டி வைத்த என் அரிசிக்கு இப்படிப் போய் வர வழியே இருக்கவில்லை.

இருப்பே கூடாது என்பது என் கருத்தன்று. 2025 நவம்பர் இறுதியிலே டித்வா புயல் வந்தபோது மண்சரிவுகளால் மலைநாட்டுப் பாதைகள் பல துண்டிக்கப்பட்டதைக் கண்டோம். பாதை அடைபட்டால் கடை வெறுமையாகும். ஆகவே மலையிலே வாழ்பவனுக்குச் சில வாரத்து இருப்பு அறிவுடைமையே. எவ்வளவு என்பதுதான் வினா. வீட்டில் எத்தனை பேர், நாளொன்றுக்கு எத்தனை கிலோ என்று எழுதிப் பாருங்கள். பழுதாகும் முன் உங்கள் வீடு உண்டு தீர்க்கக்கூடிய அளவே உங்கள் இருப்பின் எல்லை. அதற்கு மேற்பட்டது, உங்கள் பெயரில் வாங்கப்பட்ட வண்டின் உணவு. நாம் ஒவ்வொருவரும் ஒரு மூடை மிகையாக வாங்கும்போது, வரிசையிலே நமக்குப் பின்னால் நிற்பவருக்கு ஒரு மூடை குறைகிறது என்பதையும் மறத்தலாகாது.

பேணும் முறையைப் பற்றிச் சில வார்த்தைகள். தேயிலைத் தொழிற்சாலையைப் பாருங்கள். பதப்படுத்திய தூளிலே ஏறத்தாழ 3 வீத ஈரமே எஞ்சும்படி உலர்த்தி, காற்றுப் புகாதபடி பொதி செய்கிறார்கள். திறந்து வைத்தால் எங்கள் மலைக் காற்றிலே அது நமுத்துவிடும் என்பதைத் தோட்டத்துச் சிறுபிள்ளையும் அறியும். தேயிலைக்குக் காட்டும் அந்த அக்கறையை நம் அரிசிக்கும் காட்டினால் என்ன? அரிசியில் 14 வீதத்துக்கு மேல் ஈரம் ஏறினால் பூஞ்சணத்துக்கு வழி திறக்கும். மூடையைத் தரையிலே வைக்காமல் பலகையின் மேல், சுவரிலிருந்து ஒரு சாணாவது தள்ளி வையுங்கள். இயன்றால் இறுக மூடும் வாளியிலோ தகரத்திலோ இடுங்கள். வாங்கிய திகதியை ஒரு துண்டுத் தாளில் எழுதி ஒட்டுங்கள்.

வண்டு வேறு, பூஞ்சணம் வேறு என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். அரிசி வண்டின் பெண், மணியைத் துளைத்து உள்ளே முட்டை இட்டுத் துளையை அடைத்துவிடும்; தன் வாழ்நாளில் 300 முட்டை வரை இடக்கூடும். வேப்பிலையும் மிளகாயும் வெளியே உள்ள வண்டை ஓரளவு விரட்டலாமேயன்றி, மணிக்குள் இருக்கும் முட்டையை ஒன்றும் செய்யமாட்டா. ஆயினும் வண்டு விழுந்த அரிசியைப் புடைத்து, பொறுக்கி, பலமுறை கழுவிச் சமைக்கலாம். எங்கள் வீட்டிலும் அவ்வாறே செய்தோம்.

பூஞ்சணம் பிடித்ததோ அப்படியன்று. 1960இல் இங்கிலாந்திலே ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மாண்டன. ஆராய்ந்தபோது, தீவனத்தில் கலந்த நிலக்கடலைப் பிண்ணாக்கிலே பூஞ்சணம் விளைவித்த நஞ்சே காரணம் என்று தெரியவந்தது. அஃப்ளாடொக்சின் என்று அதற்குப் பெயரிட்டார்கள். ஈரலைக் கெடுத்துப் புற்றுநோயையும் உண்டாக்க வல்லது அது. நாம் வீட்டிலே சமைக்கும் சூட்டில் அது அழிவதில்லை. கழுவினாலும் முற்றாக நீங்குவதில்லை. ஆகவே பூஞ்சணம் கண்ட கடலை, மிளகாய், பருப்பு, கொப்பரை ஆகியவற்றை மனமிரங்காமல் எறிந்துவிடுங்கள். “வீணாக்குவானேன், மாட்டுக்குப் போடலாமே” என்பதும் பிழை. மாடு உண்ட நஞ்சின் ஒரு பகுதி அதன் பால் வழியே நம் பிள்ளைகளின் கோப்பைக்கே திரும்பி வரும்.

ஆகவே மிகையைப் பகிர்வதற்கும் ஒரு காலம் உண்டு. கெட்ட பின் எவருக்கும் கொடுக்க முடியாது. கெடும் தறுவாயில் கொடுப்பது கொடையும் ஆகாது. நல்லதாக இருக்கும்போதே, “இது நம் வீட்டுக்கு மிகை” என்று உணர்ந்த நாளிலேயே கொடுத்துவிட வேண்டும். என் அறையிலே பழுதின்றித் தப்பியிருந்த மூடை ஒன்றை மறுநாளே பாடசாலைச் சமையலுக்கு அனுப்பினேன். அந்தச் சிறுமியும் அதில் உண்டாள். அதனால் என் பிழை நேராகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. முன்னரே அனுப்பியிருக்கலாம் என்ற எண்ணம் இன்றும் என்னை விட்டு நீங்கவில்லை.

இப்போது எங்கள் வீட்டிலே பூட்டிய அறை இல்லை. என் துணைவியார் அடுக்களையிலே இரண்டு வாளிகள் வைத்திருக்கிறார். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அவற்றைத் திறந்து, முகர்ந்து, கையால் அளைந்து பார்க்கிறோம். அச்சம் முற்றாகப் போய்விட்டதா என்றால், இல்லை. விலை ஏறுகிறது என்ற செய்தி வரும்போதெல்லாம் கை கடையை நோக்கியே நீளுகிறது. அப்போது அடுக்களைக்குச் சென்று அந்த இரண்டு வாளிகளையும் ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறேன்.

நேயர்களே, இன்று மாலை உங்கள் அடுக்களையிலும் ஒரு மூலையைத் திறந்து பாருங்கள். ஆகப் பின்னால் இருப்பதை ஆக முன்னால் எடுத்து வையுங்கள். நாளைய உலைக்கு அதுவே முதலாவதாகட்டும்.