குடும்பப் படமும் கேலிப் படமும்

(விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டங்களில் ஆற்றிய உரையின் வடிவம்)



சினிமாவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்றதும் சிலர் முகம் சுளித்தார்கள். கூலி உயர்வைப் பற்றிப் பேச வேண்டிய மேடையில் சினிமா எதற்கு என்று ஒரு தோழர் கேட்டே விட்டார். கூலி உயர்வைப் பற்றித்தான் பேசப் போகிறேன். கொஞ்சம் பொறுங்கள்.

நம் மக்களைக் கண்ணீர் விட வைத்த குடும்பப் படங்களின் நாயகன் இந்த விழுப்புரத்தில் 1928-ல் பிறந்தவர். வி.சி. கணேசன். நாடெங்கும் சிவாஜி கணேசன். பீம்சிங் இயக்கத்தில் அவர் நடித்த 'பாகப்பிரிவினை' 1959-ல் வந்தது, 'படிக்காத மேதை' 1960-ல், 'பாசமலர்' 1961-ல். டூரிங் டாக்கீஸ் மணல் தரையில் உட்கார்ந்து அழுத நம் பாட்டிமார் முந்தானையைப் பிழிந்துகொண்டு வீடு திரும்பினார்கள். 1975-ல் சென்னைக்குத் தொலைக்காட்சி வந்தது. பிறகு பஞ்சாயத்துப் பெட்டி முன்னால் ஊரே கூடியது. 2006-க்குப் பிறகு அரசு இலவசமாகக் கொடுத்த வண்ணப் பெட்டி குடிசைக்குள்ளும் நுழைந்தது. தாத்தா டூரிங் டாக்கீசில் பார்த்த குடும்பத்தைப் பேரன் பெட்டியில் பார்த்தான். ஆனால் பேரன் அழவில்லை, சிரித்தான். இன்றைக்கு ஓர் அண்ணனும் தங்கையும் கொஞ்சம் அதிகமாகப் பாசம் காட்டினால், "என்னடா, பாசமலரா?" என்று கேலி செய்யாத தெரு உண்டா?

இந்தச் சிரிப்பை வியாபாரமாக்கிய நிகழ்ச்சிதான் விஜய் தொலைக்காட்சியில் 2000-களில் வந்த 'லொள்ளு சபா'. புகழ்பெற்ற படம் ஒன்றை எடுத்து, அட்டைச் செட்டும் ஒட்டு மீசையுமாய் அதைக் கவிழ்த்துக் காட்டினார்கள். சந்தானம், சுவாமிநாதன், மனோகர் எல்லோரும் அதில் நடித்தவர்கள். 2010 ஜனவரியில் சி.எஸ். அமுதனின் 'தமிழ்ப் படம்' வந்தது. பிறக்கும் ஆண் குழந்தைகள் எல்லாம் சென்னைக்குப் போய்க் கதாநாயகன் ஆகிவிடுகிறார்கள் என்பதால், ஆண் குழந்தைகளைக் கொன்றுவிடும் ஒரு கிராமம்! அங்கிருந்து தப்பி வந்த சிறுவன் சைக்கிள் மிதிக்கும் நேரத்தில் வாலிபனாகி விடுகிறான். ஒரு காப்பி நேரத்தில் கோடீஸ்வரனும் ஆகிவிடுகிறான். பிரிந்த குடும்பம் குடும்பப் பாட்டுப் பாடி ஒன்று சேர்கிறது. நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரிக்கத் தெரியாதவன் கம்யூனிஸ்டா என்ன?

ஆனால் சிரித்து முடித்த பிறகு நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. எதைக் கேலி செய்தார்கள்? எதைத் தொடாமல் விட்டார்கள்?

'பாசமலர்' கதையை நினைத்துப் பாருங்கள். அண்ணன் ராஜசேகரன் முதலில் ஒரு கூலித் தொழிலாளி. தங்கை பொம்மை செய்து விற்றுச் சேர்த்த ஆயிரம் ரூபாயைக் கொண்டு தொழில் தொடங்குகிறான். ஆலை முதலாளி ஆகிறான். ஆயிரம் ரூபாயும் பாசமும் இருந்தால் முதலாளி ஆகிவிடலாம்! அந்த ஆலையிலே தொழிலாளர்களுக்காகப் பேசுகிறவன் ஆனந்தன். முதலாளிக்கும் தொழிலாளிக்கும் சச்சரவு எழுகிறது. இங்கேதான் கதை சூடு பிடிக்க வேண்டும். பிடித்ததா? ஆனந்தன் முதலாளியின் தங்கையை மணக்கிறான். அதற்குப் பிறகு கதை மைத்துனன் சண்டை, அத்தை சூழ்ச்சி என்று போய்விடுகிறது. தொழிலாளர் கோரிக்கை என்ன ஆயிற்று? கூலி உயர்ந்ததா? படம் பார்த்த எவருக்கும் அந்தக் கேள்வியே எழாதபடி கண்ணீர் கண்ணை மறைத்துவிடுகிறது.

1986-ல் விசு எடுத்த 'சம்சாரம் அது மின்சாரம்' படத்துக்கு வாருங்கள். ஆரோக்கியமான பொழுதுபோக்கு அளிக்கும் வெகுஜனப் படம் என்று மத்திய அரசின் தேசிய விருது பெற்றது. அந்தப் பிரிவில் விருது பெற்ற முதல் தமிழ்ப் படம் அது. அதிலே மூத்த மகன் கணக்குப் பார்க்கிறான். நான் இவ்வளவு கொடுக்கிறேன், இவ்வளவு சாப்பிடுகிறேன் என்று பேசுகிறான். வீட்டின் நடுவே கோடு விழுகிறது. அவனை நமக்குப் பிடிக்காதபடி படம் செய்துவிடுகிறது. நியாயமாகச் சொன்னால், அந்தப் படத்தின் முடிவு மற்றப் படங்களைவிட மேலானது. மூத்த மருமகள் உமா, எல்லோரும் மறுபடி ஒன்றாக வாழலாம் என்று ஒப்புக்கொள்ளவில்லை. தனிக்குடித்தனமே நல்லது என்கிறாள். அத்தனை ஆண்டுகளாக எல்லோருக்கும் உழைத்த பெண்ணின் களைப்பு அந்தப் பேச்சில் இருக்கிறது. விசுவுக்கு அதற்காக ஒரு வணக்கம்.

இருந்தாலும் கவனியுங்கள். நம் குடும்பப் படங்களில் கணக்குக் கேட்கிறவன்தான் கெட்டவன். பங்கு கேட்டால் குடும்பத்தைப் பிரிப்பவன். பேசாமல் உழைத்து, பேசாமல் அழுது, பேசாமல் சாகிறவன்தான் நல்லவன். இந்தப் பாடம் யாருக்கு வேண்டும்? போனஸ் கணக்கைக் காட்டு என்று கேட்கும்போது முதலாளி என்ன சொல்கிறான்? "நாமெல்லாம் ஒரே குடும்பமாயிற்றே, வெளியாட்கள் பேச்சைக் கேட்கலாமா?" என்கிறான். களத்து மேட்டில் கூலி நெல் குறைந்தது என்றால் நிலச்சொந்தக்காரர் என்ன சொல்கிறார்? "தலைமுறை தலைமுறையாய் எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி இருந்தாயே" என்கிறார். வீட்டுப் பிள்ளைக்கு வீட்டிலே பங்கு உண்டு. உனக்கு எங்கே பங்கு?

'தமிழ்ப் படம்' குடும்பப் பாட்டைக் கேலி செய்தது. அந்தப் பாட்டு யாருக்குத் தாலாட்டு என்று கேட்கவில்லை. கேட்கவும் முடியாது. அதைத் தயாரித்தவர்களில் ஒருவர் தயாநிதி அழகிரி. அன்றைய முதலமைச்சரின் பேரன். அன்றைய மத்திய அமைச்சரின் மகன். கதாநாயகன் காப்பி நேரத்தில் பணக்காரன் ஆவதைக் காட்டிச் சிரிக்க வைத்தார்கள், நல்லது. நாட்டிலே பணக்காரன் உண்மையில் எப்படி ஆகிறான் என்று காட்டினால் சிரிப்பு வருமோ, வேறெதுவும் வருமோ!

அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே 'தந்தைக்கே எல்லாம் தெரியும்' என்ற பொருள் தரும் பெயருடைய தொடர் 1954-ல் தொலைக்காட்சிக்கு வந்தது. அழகான வீடு, புன்னகைக்கும் தாய், அறிவுரை கூறும் தகப்பன். அதே ஆண்டுகளில் இடதுசாரி எழுத்தாளர்களையும் நடிகர்களையும் கருப்புப் பட்டியலில் போட்டு ஹாலிவுட்டிலிருந்து விரட்டிக்கொண்டிருந்தார்கள். 1947-லேயே அந்த வேட்டை தொடங்கிவிட்டது. வேலை நிறுத்தம் செய்கிறவனுக்கும் கருப்பின மக்களுக்கும் அந்தப் புன்னகைத் தெருவில் வீடு கிடையாது. நம் படத் தெருவில் மட்டும் இருந்ததா? 1978 ஜூலையில் இதே விழுப்புரத்தில், பெரிய பறைச்சேரியில், 12 தலித் மக்கள் கொல்லப்பட்டார்கள். குடும்பப் படம் எடுத்தவர் எவரும் அந்தக் குடும்பங்களின் கூடத்தைக் காட்டவில்லை.

பிற்காலத்தில் அமெரிக்கர்களும் தம் பழைய தொடர்களைக் கேலி செய்து படம் எடுத்தார்கள். 1969 முதல் 1974 வரை ஓடிய 'பிராடி பஞ்ச்' குடும்பத்தை, அதே பழைய உடையோடு 1995-ன் நகரத்துக்குள் கொண்டுவந்து விட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரன் தெருவையே வளைத்துக் கடைத்தொகுதி கட்டப் பார்க்கிறான். வீட்டு வரிப் பாக்கி 20,000 டாலர். பிள்ளைகள் பாட்டுப் போட்டியில் ஜெயித்து வரியைக் கட்டிவிடுகிறார்கள்! கேலிப் படமே கடைசியில் குடும்பப் படமாகிவிட்டது. விழுப்புரம் – திண்டிவனம் நெடுஞ்சாலை ஓரத்தில் கல் நட்டு மனை போடுகிறவர்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பாட்டுப் பாடி நிலம் மீளாது. 1998-ல் வந்த 'பிளசண்ட்வில்' இதைவிடக் கூர்மையானது. கருப்பு வெள்ளைத் தொடருக்குள் புகுந்த அண்ணன் தங்கையால் ஊர் மக்களுக்கு ஒவ்வொருவராய் வண்ணம் வருகிறது. உடனே வர்த்தகச் சங்கப் பெரியவர்கள் கூடுகிறார்கள். வண்ணம் வந்தவர்களுக்கு இடமில்லை என்று கடை ஜன்னலில் எழுதி வைக்கிறார்கள். கேலி எங்கே போய்க் கடிக்க வேண்டுமோ அங்கே போய்க் கடித்த படம்.

நம் கேலி எங்கே கடிக்க வேண்டும்? ஒரு பெயரைச் சொல்கிறேன்: 'சுமங்கலித் திட்டம்'. என்ன மங்களகரமான பெயர்! தமிழ்நாட்டுப் பஞ்சாலைகளில் ஏழை வீட்டுப் பெண்களை மூன்று ஆண்டுக்குச் சேர்த்துக்கொண்டு, ஆலை விடுதியில் அடைத்து, கடைசியில் 30,000 அல்லது 50,000 ரூபாய் மொத்தமாகத் தருவதாய்ச் சொன்ன திட்டம். கல்யாணச் செலவுக்காம். நடுவில் உடம்பு கெட்டுத் திரும்பியவர்களில் பலருக்கு அந்தப் பணம் வந்து சேரவில்லை. நெதர்லாந்திலுள்ள இரண்டு அமைப்புகள் 2011-ல் அறிக்கை வெளியிட்டு உலகுக்குச் சொன்னபோது, வெளிநாட்டுத் துணிக்கடைகள் ஒன்றும் தெரியாதது போல் விழித்தன. அது பெண்ணின் சொந்தக் கூலி, தோழர்களே! மாதாமாதம் கையில் தர வேண்டியதைப் பிடித்து வைத்துக்கொண்டு, சீதனம் என்று பெயர் சூட்டினார்கள். தங்கையின் கல்யாணத்துக்காக உருகுகிற அண்ணன் திரையில். அந்த உருக்கத்தையே வலையாக்கி ஆள் பிடிக்கிற தரகன் ஊர்ப் புளியமரத்தடியில்.

இங்கே நாடகம் போடும் இளைஞர்கள் சிலர் வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வேலை. 'பாசமலரை' எடுத்துக்கொள்ளுங்கள். ஒட்டு மீசை வைத்துக்கொள்ளுங்கள், அழுது புரளுங்கள், மக்கள் நன்றாகச் சிரிக்கட்டும். பிறகு தங்கை ஆலை விடுதியிலிருந்து அண்ணனோடு போனில் பேசும் காட்சியை வையுங்கள். பக்கத்தில் வார்டன் நிற்கிறாள். முதலாளி தகப்பனார் வேடத்தில் வந்து, நாமெல்லாம் ஒரே குடும்பம் என்று பாடுகிறார். அப்போது தங்கை, மாதச் சம்பளச் சீட்டு எங்கே என்று அவரைக் கேட்கட்டும். அந்த இடத்தில் பாட்டை நிறுத்துங்கள். வசனத்தை நான் எழுதித் தர வேண்டியதில்லை. இந்தக் கூட்டத்திலேயே மூன்று ஆண்டு விடுதியில் இருந்து வந்த பெண்கள் உண்டு. அவர்களைக் கேட்டு எழுதுங்கள்.