குதிகால் வெடிப்பும் வாஸ்லினும்

(நமது அறக்கட்டளையின் சர்க்கரை நோய் விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)





நம் எல்லோர் வீட்டிலும் இருக்கும் வாஸ்லின், அதாவது பெட்ரோலியம் ஜெல்லி பற்றிச் சில வார்த்தைகள். 1859-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், எண்ணெய்க் கிணற்றுக் கம்பிகளில் படிந்த மெழுகைத் தொழிலாளர்கள் காயங்களுக்குப் பூசுவதை ராபர்ட் செஸ்ப்ரோ என்ற வேதியியலாளர் கண்டார். அதைச் சுத்திகரித்து 1872-ல் காப்புரிமை பெற்றார். இதில் பன்றிக் கொழுப்பு கலந்திருக்குமோ என்று நம் தாய்மார்கள் கேட்பதுண்டு. சுத்தமான பெட்ரோலியம் ஜெல்லி கச்சா எண்ணெயிலிருந்து எடுப்பது. விலங்குக் கொழுப்பு அதில் இல்லை. வேறு பொருள் சேர்த்த களிம்பு என்றால், டப்பாவில் எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

இது வெடிப்பைக் குணமாக்கும் மருந்து அல்ல, ஒரு வேலி. தோலில் இருக்கும் ஈரம் வெளியே போகாமல் தடுக்கும். ஆகவே காய்ந்த காலில் பூசுவதைவிட, கழுவித் துடைத்த உடனே, லேசான ஈரம் இருக்கும்போது பூசுவதே பலன் தரும்.

சர்க்கரை நோயாளிகள் கவனியுங்கள். நரம்பு மரத்துப்போனால் காலில் முள் குத்தினாலும் தெரியாது. சிறு வெடிப்பு வழியாகக் கிருமி புகுந்து புண்ணாகி, விரலையோ காலையோ எடுக்கும் நிலைகூட வரலாம். இஷா தொழுதபின் காலைக் கழுவி, விரல் இடுக்குகளை நன்றாகத் துடையுங்கள். குதிகாலிலும் பாதத்திலும் மெல்லியதாகப் பூசுங்கள். விரல் இடுக்கில் பூச வேண்டாம். அங்கே ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும். வழுக்கி விழாமல் இருக்கக் காலுறை போட்டுக்கொள்ளுங்கள்.

ஃபஜ்ருக்கு எழுந்ததும், தண்ணீர் தோலில் படும்படி சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு உளூ செய்யுங்கள். அப்போதே பாதத்தின் அடிப்பகுதியையும் பாருங்கள். பார்வை மங்கியவர்களுக்குப் பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும். வெடிப்பை பிளேடால் சீவாதீர்கள். ரத்தம், சீழ், நிறமாற்றம் கண்டால் வாஸ்லினை நம்பி இருக்காமல் அன்றே மருத்துவரிடம் போங்கள்.

இன்னொன்று: அடுப்பில் சுட்டுக்கொண்டால் உடனே இதைப் பூசாதீர்கள்; சூடு உள்ளே தங்கிவிடும். 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள்.

நம் உடல் அல்லாஹ் தந்த அமானிதம். நம் அனைவருக்கும் அவன் பூரண ஆஃபியத்தைத் தந்தருள்வானாக. ஆமீன்.